மே மாதம் மட்டும் முடியாது

சொக்கோரோவுக்கு உட்கார்ந்தும் தூக்கம் வரும், நின்றும் தூக்கம் வரும். நான்கைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், எங்கள் முற்றத்து எலுமிச்சை மரத்தில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் முப்பது பேர் அவளைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொம்மை என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கிழவர் கிட்டே போய் அவள் ஏப்ரனைத் தொட்டே பார்த்தார். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கக்கூஸ் இங்க இல்ல, தெருமுனைல இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிற கேள்வி அதுதான். கேட்பதற்கு முன்பே பதில் சொல்ல அவளுக்குப் பழகியிருந்தது.

நான் பெனீத்தோ. ஸ்பெயினின் தெற்கே இருக்கிற கோர்தோபா நகரப் பேருந்தை முப்பத்தைந்து வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். சொக்கோரோவின் வாசலுக்கு நேரெதிர் வாசல் என்னுடையது. நான்கு குடித்தனம், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு, இவ்வளவுதான் எங்கள் வீடு. வெயில் ஏற ஆரம்பிக்கிற மே மாதத் தொடக்கத்தில் இரண்டு வாரம் எங்கள் ஊரில் பூச்செடி முற்றங்களுக்குப் போட்டி நடக்கும். பெயர் கொடுத்த வீடுகள் காலை பதினொன்றிலிருந்து இரண்டு வரைக்கும், மாலை ஆறிலிருந்து பத்து வரைக்கும் தெருக்கதவைத் திறந்து வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம், பார்க்கலாம், போகலாம். அந்த இரண்டு வாரமும் நம் வீட்டில் நாம் துணி காயப்போட முடியாது. மீன் பொரித்தால் நான்கு பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைக்குள் தலையை நீட்டுவார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்தால் இன்றைக்குக் கூட்டம் குறைவு என்று பேசிக்கொள்வோம்.

இந்தத் திருவிழாவில் என் பங்கு என்ன என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு கோப்பை ஒயினோடு, வருகிறவர்களுக்குக் கிணற்றின் வரலாறு சொல்வேன். அரபு மன்னர்கள் காலத்துக் கிணறு என்பேன். அது என் தாத்தா தோண்டியது. ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள், சிலர் எழுதிக்கூட வைத்துக்கொள்வார்கள். மற்ற வேலை எல்லாம் சொக்கோரோவுடையது.

மற்ற வேலை என்றால் நானூற்றுப் பன்னிரண்டு பூந்தொட்டிகள்.

அவள் இந்த ஊரில் பிறந்தவள் அல்ல. வடக்கே மலைப்பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி வந்தாள். புருஷன் அசிஸ்க்லோ வெள்ளிப் பட்டறையில் சங்கிலி பற்றவைக்கிறவன். நல்ல மனுஷன், ஆனால் சோம்பேறி. அப்போது முற்றத்தில் ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்றும் ஒரு கோழிக்கூண்டும் மட்டும்தான் இருந்தன. அவள் ஓர் ஆலிவ் எண்ணெய் டின்னைக் கழுவி, மண் போட்டு, ஜெரேனியம் குச்சி ஒன்றை ஊன்றினாள். அது பிடித்துக்கொண்டது. அடுத்த வருடம் பதினைந்து டின். சுவரில் ஆணி அடிக்கட்டுமா என்று என்னிடம் வந்து கேட்டாள். "உன் இஷ்டம்மா, அடிச்சுக்க" என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த தோட்ட வேலை அது ஒன்றுதான்.

காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலை அவளுக்கு. முப்பத்தொரு வருடம் அங்கே துடைத்தாள். அங்கே துடைத்துவிட்டு வந்து இங்கே துடைத்தாள். ஒரு மகனை வளர்த்து ஆளாக்கினாள். அவன் சரகோசாவில் ஏதோ கிடங்கில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவான். அசிஸ்க்லோ ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அந்த மே மாதமும் கதவு திறந்தது. கறுப்பு உடுத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். வெளியூர்ப் பெண்மணி ஒருத்தி அவளைத் தட்டிக்கொடுத்து, "வெள்ளைச் சுவருக்கு முன்னால இந்தக் கறுப்பு டிரெஸ் என்ன எடுப்பா இருக்கு!" என்று பாராட்டினாள். சொக்கோரோ நன்றி சொன்னாள். வேறென்ன சொல்வாள்?

தண்ணீர் ஊற்றுவது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து நின்றது. எங்கள் சுவர்களில் மூன்று ஆள் உயரத்துக்குத் தொட்டி தொங்கும். அவற்றுக்கு எட்டுகிற மாதிரி ஒரு நீளமான நாணற்கழி, அதன் நுனியில் கட்டிய ஒரு தகரக் குவளை. வாளியில் மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, சரியான இடத்தில் சாய்க்க வேண்டும். கழி நீளம் என்பதால் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு குடம் மாதிரி கனக்கும். வெயில் காலத்தில் நாளுக்கு இரண்டு வேளை ஊற்ற வேண்டும். முப்பது சொச்சம் வருடமாக எல்லாமே வலது கையால்.

வருகிறவர்களுக்குப் பூவை விட அந்தக் கழிதான் பிடிக்கும். "கொஞ்சம் ஊத்திக் காட்டுங்களேன், ஒரு படம் எடுத்துக்கறோம்" என்பார்கள். விடியும்போதே எல்லாவற்றுக்கும் ஊற்றி முடித்திருப்பாள், ஆனாலும் அவர்களுக்காக மறுபடி ஊற்றுவாள். வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் கிணற்றுக்கு மேலே உள்ள நான்கு தொட்டிகள். அதனால் ஒவ்வொரு மே மாதமும் அந்த நான்கும் வேர் அழுகிச் செத்துப் போகும். நடுவர்கள் கண்ணில் பழுப்பு இலை பட்டுவிடக் கூடாதென்று வேறு நான்கைக் கொண்டுவந்து மாட்டுவாள். ஒரு வாரத்தில் அவையும் அழுகும். எங்கள் ஊர் எரிகிற ஊர், இங்கே செடி காய்ந்து சாவது சகஜம். படத்துக்காகத் தண்ணீர் குடித்துச் சாவதை எங்கள் முற்றத்தில்தான் பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குத் தோளில் வலி ஆரம்பித்தது. முதலில் தைலம் தடவினாள், பிறகு மாத்திரை தின்றாள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, திறந்து தைக்க வேண்டும், இலவசமாகவே செய்வோம், ஆனால் உனக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள், முறை வரும்போது கூப்பிடுவோம் என்றார்கள். எந்த எண்ணில் கூப்பிட என்று கேட்டபோது என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் போன் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஏப்ரன் பையிலிருந்து வாளிக்குள் விழுந்து உயிரை விடும். என் போன் மட்டும் என்னைப் போலவே சுகமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

போன வருடம் மே மாதம் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. முற்றத்தில் இருநூறு பேர். கிணற்றில் விழுந்த அரபு இளவரசி கதையை நான் பாதி சொல்லியிருந்தேன். போன் அடித்தது.

"சொக்கோரோ கன்யேத்தே அம்மாவோட நம்பர்தானே?"

"நான் எதிர்வீடு. சொல்லும்மா."

"ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். வர்ற வியாழக்கிழமை தோள் ஆப்பரேஷனுக்கு ஒரு இடம் காலியாயிருக்கு. காலைல ஏழரைக்கு வந்துரணும்."

"வியாழனா? ஏம்மா, நீ எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"அப்ப இது என்ன மாசம்னு தெரியாதா உனக்கு?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஐயோ, முற்றமா! எங்க அத்தை வீட்லயும் இதே கூத்துதான், குளிக்கக்கூட நேரமில்லாம அலையறாங்க. சரி சரி, இப்ப வர முடியாதுன்னு போட்டுக்கறேன்."

"போட்டுக்க தாயி. மே மாசம் மட்டும் முடியாது. மத்தபடி என்னைக்கு வேணா கூப்பிடு."

ஓர் உதவி செய்துவிட்ட திருப்தியோடு போனைப் பையில் போட்டுக்கொண்டு இளவரசியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். சொக்கோரோவிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லையா என்று கேட்டால், நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி போனபோது அவள் தட்டை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் நடுவர்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் எனக்கு மறந்தே போனது. முற்றம் வைத்திருக்கிற ஒருத்தி மே மாதத்தில் ஆப்பரேஷனுக்குப் போவாள் என்று எங்கள் ஊரில் யாருக்குமே தோன்றாது. போன் பண்ணியவளுக்கே தோன்றவில்லையே.

நவம்பரில் ஒரு நாள் சொக்கோரோ கேட்டாள்: "ஏம்ப்பா, ஆஸ்பத்திரிலேர்ந்து யாராச்சும் கூப்பிட்டாங்களா?" அப்போதுதான் எனக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். "இல்லம்மா, கூப்பிட்டா சொல்ல மாட்டேனா" என்றேன். சீக்கிரமே மறுபடி கூப்பிட்டுவிடுவார்கள், அப்போது எல்லாம் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கூப்பிட்டபோது வராதவர்கள் பெயரை வரிசையின் கடைசியில் கொண்டுபோய்ப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை. அதன் பிறகு என் போன் அடிக்கும்போதெல்லாம் முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் தலை நிமிரும், நான் தலையை ஆட்டுவேன், அவள் குனிந்துகொள்வாள்.

இந்த வருடம் திருவிழா தொடங்கிய ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. முப்பத்தாறு டிகிரி வெயில். தெருவில் வரிசை மூலை திரும்பி நின்றது. கழுத்தில் பெரிய கேமரா தொங்க, வடக்கு நாட்டுக்காரி ஒருத்தி சொக்கோரோவிடம் வந்து கழியைக் காட்டிச் சைகை செய்தாள். சொக்கோரோ எழுந்தாள், கழியை எடுத்தாள், வாளிக்குள் விட்டாள், தூக்கினாள், சாய்த்தாள். கேமரா படபடவென்று அடித்தது. கடையைச் சாத்திவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த லொரேத்தோ, மேல்மாடியில் குடியிருக்கிற சிகையலங்காரக்காரி, ஊசி மாதிரி கண் அவளுக்கு, மெல்ல என்னிடம் சொன்னாள்:

"பெனீத்தோ, பாத்தியா? தண்ணியே விழல."

"படத்துல தண்ணி தெரியவா போகுது? செடி அழுகாம இருக்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கா. கெட்டிக்காரி."

"கையப் பாருடா மடையா" என்றாள் லொரேத்தோ.

பார்த்தேன். காலிக் குவளை கட்டிய கழி, ஒரு சுண்டுவிரலால் தூக்கலாம். அதைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கை அடியில் போய் முட்டுக்கொடுத்திருந்தது. முகத்தில் மட்டும் படத்துக்கான சிரிப்பு.

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினோம். சொக்கோரோ நிழலில் உட்கார்ந்து குளிர்ந்த தக்காளிக் கூழைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு இடது கையால் கரண்டி பிடித்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போதும் போலக் கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன்.

"பரவால்லயே, நல்லா நடிக்கிற. சினிமாக்காரன் எவனாச்சும் வந்து கூட்டிட்டுப் போயிரப் போறான்."

"தண்ணி இருந்தா தூக்க முடியலப்பா."

"அப்ப செடிக்கெல்லாம் யாரு ஊத்துறா?"

"நான்தான். ஏணி வச்சு ஏறி, இடது கையால, காபிக் கப்புல. ரெண்டு மணிக்கு எந்திரிச்சா எட்டரைக்குள்ள முடிஞ்சுரும்."

விடிவதற்கு முன் முற்றத்தில் ஏதோ கடகடவென்று சத்தம் கேட்கும். பூனை என்று நினைத்துப் புரண்டு படுத்திருக்கிறேன், இரண்டு வாரமாக. அறுபத்தாறு வயதுக்காரி ஏணியை ஒவ்வோர் அடியாக நகர்த்திய சத்தம் அது.

"சொல்லியிருக்கலாம்ல சொக்கோரோ?"

"யார்கிட்ட? லொரேத்தோ ஒன்பது மணிக்குக் கடை திறக்கணும். நீ ராத்திரி ஒயின் குடிச்சுட்டு ஒன்பது மணி வரைக்கும் எந்திரிக்க மாட்ட." கரண்டியால் கூழைக் கிளறிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "எனக்குச் செடி வேணாம், பரிசு வேணாம். அந்த ஒரு போன் வந்தாப் போதும்னு இருக்கு. இன்னைக்குக் கூப்பிட்டா இன்னைக்கே கெளம்பிருவேன்."

"மே மாசத்துலயா?"

"மே மாசத்துலதான். கதவு திறந்து கெடக்கட்டும், எவன் வந்து எத வேணா படம் எடுத்துக்கட்டும். எனக்குத் தூங்கணும்ப்பா. வலியில்லாம ஒரு பக்கமா திரும்பிப் படுத்து மூணு வருஷமாச்சு. அவங்களுக்கு என் பேரே மறந்துபோச்சோ என்னவோ."

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. "மறக்கல. கூப்பிட்டாங்க" என்றேன்.

"எப்ப?"

"போன வருஷம்."

கரண்டி கிண்ணத்தில் நின்றது. "போன வருஷம் எப்ப?"

"மே மாசம். கூட்டமா இருந்துச்சு. வியாழக்கிழமை வரச் சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"மே மாசம் மட்டும் முடியாதுன்னு சொன்னேன்."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"நீயும் அதத்தான சொல்லியிருப்பன்னு நெனச்சேன்" என்றேன். அவள் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று உள்ளுக்குள் தவித்தேன். சொல்லியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

சொக்கோரோ எழுந்து தன் அறைக்குப் போனாள். வா என்று கூப்பிடவில்லை, ஆனால் கதவைத் திறந்தே வைத்திருந்தாள், அதனால் பின்னாலேயே போனேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை மாட்டியிருந்தது. அதை எடுத்துக் கட்டிலில் கொட்டினாள். ஓர் இரவு உடை, கடையில் வாங்கிய அட்டை கழற்றாத செருப்பு, சீப்பு, துண்டு, நான்காக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு.

"போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் கட்டி வச்சேன். போன் வந்தா தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு" என்றாள். "நான் போயிருப்பேன் பெனீத்தோ."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால், கிண்ணத்தை என் மேல் எறிந்திருந்தால், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பொருட்களை ஒவ்வொன்றாக இடது கையால் பைக்குள் திருப்பி வைத்தாள். "ஆறு மணிக்குக் கதவத் திறக்கணும்னா நீ திற. திறக்கலேன்னாலும் சரி. நான் படுக்கப் போறேன்" என்று சொல்லி என்னை வெளியே விட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

முற்றத்துக்கு நடுவில் நின்றபடியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எண்களை அழுத்து, காத்திரு, இசையைக் கேள் என்று இருபத்தைந்து நிமிடம். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்தாள்.

"கூப்பிட்டப்ப வரலன்னு கடைசில போட்டிருக்காங்க. இப்போதைக்கு முறை வராது."

"அவங்க வரமாட்டேன்னு சொல்லல. நான்தான் சொன்னேன். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. தப்பு என்னோடது. எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க, அவங்களுக்கு ஒரு தேதி குடுங்க."

நான் அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் குரல் மாறியது. "இருங்க தாத்தா, பாக்கறேன். வர்ற வியாழக்கிழமை ஒருத்தங்க வரலன்னு சொல்லியிருக்காங்க. ஆனா அது மே பதினஞ்சு. உங்களுக்கு ஒத்துவராதே. ஜூன் கடைசில ஏதாச்சும் காலியாகுதான்னு..."

"மே பதினஞ்சே போடு!" என்று கத்தினேன். எலுமிச்சை மரத்திலிருந்த குருவிகள் பறந்தன.

"முற்றம் வச்சிருக்கறவங்கன்னு சொன்னீங்களே?"

"எரிஞ்சு போகட்டும் முற்றம்! போடும்மா!"

"போட்டுட்டேன், போட்டுட்டேன். ஒண்ணு சொல்லட்டா தாத்தா? மே மாசத்துலதான் எங்களுக்கு எடமே காலியாகும். உங்க ஆளுங்க ஒருத்தர் விடாம வரலன்னு சொல்லிடறாங்க."

மேலே பால்கனியில் லொரேத்தோ கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். இறங்கி வந்தாள். என்னை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். கழியை எடுத்து என் கையில் திணித்தாள். "வாயால ஊத்துனது போதும், இனிமே கையால ஊத்து" என்றாள்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தோம். வந்தவர்கள் என்னிடம் ஊற்றிக் காட்டச் சொன்னார்கள். முதல் குவளை என் தலையில் கொட்டியது, எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது என் சட்டைக் கைக்குள் இறங்கியது. பதினேழாவது குவளையில் தோள்பட்டை பற்றிக்கொண்டு எரிந்தது. ஒரு நாளைக்கு எண்ணூறு குவளைக்கு மேல் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன். சொக்கோரோவின் கதவு அன்றைக்குத் திறக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் எழுந்து வந்தாள். தேதியைச் சொன்னேன். "சரி" என்றாள். அதற்கப்புறம் ஐந்து நாளும் என்னிடம் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வியாழக்கிழமை காலை என் பழைய காரில் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டேன். நடுவர்களும் அன்றைக்குத்தான் வந்தார்கள். மேல் வரிசை முழுக்க வாடித் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. தலைமை நடுவர் லொரேத்தோவிடம், "வீட்டுக்காரம்மா எங்கே?" என்று கேட்டாராம். "ஆப்பரேஷனுக்குப் போயிருக்கா" என்றாளாம். "இப்பயா?" என்று அந்த மனுஷர் திகைத்துப்போய்ப் பேனாவை மூடினாராம். யாராவது செத்திருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டார். இறப்பு என்றால் கறுப்பு ரிப்பன் கட்டிக் கதவைச் சாத்தலாம், அதற்கு வழக்கம் இருக்கிறது. கை கெட்டுப்போனால் அப்படி வழக்கம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை அவளைக் கூட்டிவரப் போனேன். கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆப்பரேஷன் செய்த டாக்டர், நடுத்தர வயது, கண்ணுக்குக் கீழே கறுத்து, அவருமே தூக்கமில்லாதவர் போல இருந்தார். எங்களை உட்காரச் சொன்னார்.

"முடிஞ்ச வரைக்கும் தைச்சிருக்கோம். ஆனா நார் ரொம்பச் சுருங்கிப்போச்சு, முழுசா இழுத்துச் சேக்க முடியல. வலி குறைஞ்சிரும். கை தோள் மட்டத்துக்கு வரும். அதுக்கு மேல வராது."

"தலை சீவறதுக்கு?" என்றாள் சொக்கோரோ.

"இடது கையால பழகிக்குங்க."

"சரி."

அவர் கணினியைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "போன வருஷம் மே மாசமே உங்களைக் கூப்பிட்டதா இருக்கே? அப்ப வந்திருந்தா கை நல்லா வந்திருக்கும்மா. ஏன் வரல?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான், சத்தியமாக. ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"மே மாசம் டாக்டர். முற்றம் திறந்திருந்துச்சு" என்றாள்.

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினார். அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

காரில் அவளுக்கு பெல்ட் போட்டுவிட்டேன். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. என்னால் அடக்க முடியவில்லை. "எதுக்கு சொக்கோரோ என்னைக் காப்பாத்துன? நான்தான்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வழிகாட்டி கொடியைத் தூக்கிப் பிடித்திருக்க, ஐம்பது பேர் தொப்பியோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

"உன்னை யாரு காப்பாத்துனா?" என்றாள். "நாப்பது வருஷமா எதிர்வாசல்ல இருக்கறவனுக்கு, நீ ஆப்பரேஷனுக்குப் போறியான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலன்னு அந்த டாக்டர்கிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். வண்டியை எடுத்தேன்.